வாதாபி வழியாக ஹம்பிக்கு



இந்தியாவிற்குச் செல்லும் நம்மவர்கள் பெரும்பாலும் ஒரே தடத்தில் செல்கின்றனர். சென்னையில் இறங்கிக் காஞ்சி, சிதம்பரம், தஞ்சை, மதுரை எனத் தொடங்கும் பயணம் பட்டுச்சேலைக் கடையில் முடிகிறது. அதில் குறை கூறுவதற்கு ஒன்றுமில்லை. ஆயினும் காஞ்சிக் கைலாசநாதர் கோயிலை மட்டும் தரிசித்துத் திரும்புவோர் ஒரு வரலாற்றின் பாதியையே கண்டவர்கள். மறுபாதி வட கருநாடகத்தில், மலப்பிரபா ஆற்றின் பக்கத்தில் இருக்கிறது.

அங்குள்ள பாதாமி என்னும் ஊரே பழைய வாதாபி. சாளுக்கிய மன்னன் முதலாம் புலிகேசி கி.பி. 543-இல் அங்கே கோட்டை எழுப்பினான். செந்நிறப் பாறை மலைகள் இரண்டு. அவற்றுக்கிடையே அகத்தியர் பெயரால் வழங்கும் ஏரி. பாறையைக் குடைந்த நான்கு குகைக் கோயில்கள். முதற் குகையில் பதினெட்டுக் கரங்களுடன் ஆடும் சிவபெருமானைக் காணலாம். மூன்றாம் குகை திருமாலுக்குரியது. அங்குள்ள கல்வெட்டு கி.பி. 578-ஆம் ஆண்டைச் சேர்ந்தது. நான்காவது சமணர்களுடையது. மாலை வெயில் சாயும் நேரத்தில் ஏரியின் கீழ்க்கரையில் உள்ள பூதநாதர் கோயிற் படியில் அமர்ந்திருப்பதற்காகவே அவ்வூரில் ஓர் இரவு தங்கலாம்.

இந்த நகரைத்தான் பல்லவன் நரசிம்மவர்மன் கி.பி. 642-இல் கைப்பற்றி ‘வாதாபி கொண்டான்’ எனப் பெயர் பெற்றான். அவனுடைய கல்வெட்டு சிதைந்த நிலையில் பாதாமிப் பாறையொன்றில் இன்றும் உள்ளது. அப்போரில் வென்ற படைத்தலைவர் பரஞ்சோதியாரே பின்னாளில் சிறுத்தொண்ட நாயனார் ஆனார் என்பது நாம் அறிந்ததே. அவர் வாதாபியிலிருந்து கணபதியைக் கொண்டுவந்தார் என்பது செவிவழிச் செய்தி. அக்காலத்துக் கல்வெட்டு எதுவும் அதைக் கூறவில்லை.

நம் கதைகள் பெரும்பாலும் அந்த வெற்றியோடு நின்றுவிடுகின்றன. ஏறக்குறைய நூறு ஆண்டுகள் கழித்துச் சாளுக்கியன் இரண்டாம் விக்கிரமாதித்தன் காஞ்சியைப் பிடித்தான். முன்னோர் பட்ட அவமானத்திற்குப் பழிதீர்க்க அவனுக்கு எல்லா வாய்ப்பும் இருந்தது. ஆனால் அவன் நகரை அழிக்கவில்லை. கைலாசநாதர் கோயிலின் செல்வத்தைக் கண்டு, அதனை இறைவனுக்கே திருப்பியளித்தான். அச்செய்தியைக் கன்னடத்தில் அக்கோயில் தூணிலேயே பொறித்தும் வைத்தான். அவனுடைய அரசி லோகமாதேவி, காஞ்சி வெற்றியின் நினைவாகப் பட்டடக்கல்லில் ஒரு சிவாலயம் எழுப்பினாள். இன்று விருபாட்சர் கோயில் எனப்படும் அது, தோல்வியுற்றவர்களின் கைலாசநாதர் கோயிலை நினைவூட்டும் அமைப்பினது. அதனைக் கட்டிய தலைமைச் சிற்பி குண்டனின் பெயரும் கல்வெட்டில் இடம்பெற்றுள்ளது. அரசர் பெயருக்கிடையே சிற்பியின் பெயரைத் தேடிப் பார்ப்பவர்களுக்கு இது ஓர் அரிய காட்சி.

ஆகவே, பயணத்தை வரலாற்று வரிசையில் அமைப்பதே முறை: முதலில் பாதாமி, பின்னர் ஹம்பி. பயண முகவர்கள் பலர் ஹம்பிக்கு ஒரு பகல் கொடுத்து, பாதாமியை விட்டுவிடுவார்கள். அதற்கு இணங்க வேண்டா. பாதாமியில் இரண்டு இரவு, ஹம்பிக்கு மூன்று இரவு என்பது குறைந்த அளவு. ஊர்களின் எண்ணிக்கையைக் குறைத்தாலும் நாட்களைக் குறைக்கலாகாது. வயது முதிர்ந்தோரை உடன் அழைத்துச் செல்பவர்கள் இதனைச் சிறப்பாகக் கவனிக்க வேண்டும். தாயாரைப் பேருந்திலேயே உட்காரவைத்துவிட்டுப் பிள்ளைகள் மட்டும் ஓடிப் பார்த்து வரும் பயணத்திற்கு அத்தனை பணம் செலவிடுவானேன்?

பாதாமியிலிருந்து பட்டடக்கல் ஏறக்குறைய 22 கிலோமீட்டர். அதனைத் தாண்டி ஐஹொளே. வாடகைக் காரில் ஒரே நாளில் இரண்டையும் நிதானமாகப் பார்க்கலாம். ஐஹொளேயின் மேகுட்டிக் குன்றில் புலவர் ரவிகீர்த்தி கி.பி. 634-இல் இரண்டாம் புலிகேசியைப் புகழ்ந்து எழுதிய கல்வெட்டு உள்ளது. அந்தப் புகழ்மொழிக்கு எட்டே ஆண்டுகளில் வாதாபி வீழ்ந்தது!

மறுநாள் தரை வழியாக ஹொஸ்பேட் சேர்ந்தால் ஹம்பி 13 கிலோமீட்டர்தான். கி.பி. 1336-இல் தோன்றிய விசயநகரம், 1565-இல் தலைக்கோட்டைப் போருக்குப் பின் பாழ்பட்டது. உருண்டைப் பாறைக் குன்றுகளுக்கிடையே துங்கபத்திரை ஓட, வாழைத் தோட்டங்களும் இடிந்த மண்டபங்களும் கலந்து கிடக்கும் காட்சியை எந்தப் புகைப்படமும் முழுமையாகக் காட்டாது. விருபாட்சர் கோயிலில் வழிபாடு இன்றளவும் நடைபெறுகிறது. அங்கே காலையிலும், கல்தேர் நிற்கும் விட்டலர் கோயிலுக்கு மற்றொரு நாளும் செல்வது நலம். விட்டலர் கோயிலுக்கு வண்டி நிறுத்துமிடத்திலிருந்து மின்கல வண்டி உண்டு. முதியோருக்கு அது பேருதவி. ஆற்றின் அக்கரையில் ஆனெகுந்தியும், அனுமன் பிறந்த இடமாக மக்கள் போற்றும் அஞ்சனாத்திரியும் உள்ளன. அஞ்சனாத்திரிப் படிகள் ஐந்நூற்றுக்கும் மேல் என்பதால் முழங்கால் வலியுள்ளவர்கள் அடிவாரத்திலேயே கும்பிட்டுக் கொள்ளலாம்.

அக்டோபர் முதல் பிப்ரவரி வரை ஏற்ற காலம். ஏப்ரல், மே மாதங்களில் பாறைகள் கொதிக்கும். வெறுங்காலோடு பிராகாரம் சுற்ற இயலாது. பாதாமிக் குகைகளில் குரங்குகள் மிகுதி; பழப்பையைக் கையில் தொங்கவிடாதீர்கள். உணவிற்குச் சோள ரொட்டியும் கத்தரிக்காய்க் கறியும் கிடைக்கும். சோறுதான் வேண்டும் என்று அடம்பிடிப்பவர்கள் ஒரு வேளையாவது அதனை உண்டு பார்க்கலாம்.

பெங்களூரில் இறங்கி அங்கிருந்தே இவ்வழியைத் தொடங்கலாம். திரும்பும்போது பெங்களூரிலிருந்து காஞ்சிக்குச் சாலை வழியே ஏறக்குறைய ஐந்து மணி நேரம். நண்பகலில் நடை சாத்தியிருக்கும், மாலையில் செல்க. கைலாசநாதரை வணங்கியபின், விக்கிரமாதித்தன் பொறித்த கன்னட எழுத்து எந்தத் தூணில் உள்ளது என்று கேட்டறிந்து, பிள்ளைகளையும் அழைத்துச் சென்று காட்டுங்கள்.