பசு வந்தாள், பசு வந்தது, பசு வந்தன

(குறுவள மையக் கூட்டத்தில் அரசு மேல்நிலைப் பள்ளித் தமிழாசிரியர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



'பிழையற்ற தொடரைத் தேர்ந்தெடுக்க' என்ற ஒரு மதிப்பெண் வினாவைப் பற்றிப் பேச என்னை அழைத்திருக்கிறார்கள். ஒரு மதிப்பெண்ணுக்கு இவ்வளவு பேச்சா என்று சிலர் நினைக்கலாம். நானும் பல ஆண்டுகள் அப்படித்தான் நினைத்து, விடைக்குறிப்பைப் படித்துவிட்டு அடுத்த வினாவுக்குப் போய்விடுவேன்.

ஆனால் இந்த வினா பத்தாம் வகுப்போடு நம் பிள்ளைகளை விட்டுவிடுவதில்லை. பதினோராம் வகுப்பில் தமிழ்மொழி இலக்கியத் திறனறித் தேர்வு வருகிறது. பத்தாம் வகுப்புத் தமிழ்ப் பாடத்திலிருந்து கொள்குறி வகை வினாக்கள். தேர்வாகும் 1500 பேருக்கு மாதம் 1500 ரூபாய் வீதம் இரண்டு ஆண்டுகளுக்குக் கிடைக்கிறது. அதில் பாதி இடம் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு. கூலி வேலைக்குப் போகும் வீட்டில் மாதம் 1500 ரூபாய் என்றால் என்ன என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பிறகு குரூப் 4 தேர்வுக்குப் போனால் 200 வினாக்களில் 100 தமிழ். அங்கும் ஒருமை பன்மைப் பிழை, சந்திப்பிழை, வழூஉச்சொல் எல்லாம் காத்திருக்கின்றன.

இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஒரு பயிற்சித் தேர்வு வைத்தேன். 'மரத்திலிருந்து பழங்கள் விழுந்தது', 'மரத்திலிருந்து பழங்கள் விழுந்தன' என இரண்டு தொடர்கள். வகுப்பில் பாதிப் பேருக்கு மேல் முதல் தொடரைத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். ஏன் என்று கேட்டேன். "சொல்லிப் பார்த்தோம் ஐயா, இதுதான் சரியா வருது" என்றார்கள்.

எனக்குக் கோபம் வந்தது. இரவு யோசித்தபோது அவர்கள் சொன்னது உண்மை என்று தெரிந்தது. நம் பேச்சில் அஃறிணைப் பன்மைக்கெனத் தனி வினைமுற்று இல்லை. 'பழமெல்லாம் விழுந்துச்சு', 'மாடுங்க வந்துச்சு' என்றுதான் நீங்களும் நானும் வீட்டில் பேசுகிறோம். 'விழுந்தன' என்பதைப் பிள்ளைகள் வீட்டிலோ தெருவிலோ கேட்பதே இல்லை. அது எழுத்தில் மட்டும் சந்திக்கும் சொல். அப்படியிருக்க, 'வாய்விட்டுச் சொல்லிப் பார், சரியானது தானே தெரியும்' என்று நாம் சொல்லித்தரும் வழி, இந்த வினாவில் பிள்ளையை நேராகப் பிழைக்கே கொண்டுபோய் விடுகிறது.

சரி என்று ஒரு குறுக்குவழி சொன்னேன். "'கள்' இருந்தால் முடிவில் 'ன' இருக்கிறதா பார்." பயிற்சி மையங்களிலும் இப்படித்தான் சொல்கிறார்கள். அடுத்த தேர்வில் எல்லாரும் சரியாக எழுதினார்கள். எனக்கு மிகுந்த மகிழ்ச்சி. அதற்கடுத்த தேர்வில் 'காய்களின் விலை உயர்ந்தது', 'காய்களின் விலை உயர்ந்தன' என்று கொடுத்தேன். நன்றாகப் படிக்கும் பிள்ளைகள்தான் அதிகம் தவறினார்கள். 'கள்' இருக்கிறது, அதனால் 'ன'. உயர்ந்தது விலையா காய்களா என்று யாரும் பார்க்கவில்லை. நான் ஒன்றுமே சொல்லாமல் விட்டிருந்தால் காதை நம்பியே சரியாக எழுதியிருப்பார்கள்.

இப்போது குறுக்குவழி எதுவும் சொல்வதில்லை. முதலில் வினைமுற்றின்கீழ்க் கோடிடச் சொல்கிறேன். பிறகு அதனிடம் 'எது? யார்?' என்று கேட்கச் சொல்கிறேன். உயர்ந்தது எது? விலை. அது ஒருமை. 'காய்களின்' என்பதை விரலால் மறைத்துவிட்டுப் படி. அவ்வளவுதான். எழுவாயைக் கண்டுபிடிக்கத் தெரிந்த பிள்ளைக்கு இந்த வகை வினாவில் பாதி வேலை முடிந்தது.

அடுத்து நான் சொல்லப்போவது சற்று வெட்கமான கதை.

சென்ற ஆண்டு பத்தாம் வகுப்பு அலகுத் தேர்வுக்கு நானே ஒரு வினா எழுதினேன். பிழையற்ற தொடரைத் தேர்ந்தெடுக்க: அ) பசு வந்தாள். ஆ) பசு வந்தது. இ) பசு வந்தன. ஈ) பசுக்கள் வந்தது. விடை ஆ. இதைவிட எளிய வினா இருக்க முடியாது என்று நினைத்தேன். ஒரு மாணவன் 'அ' என்று எழுதியிருந்தான். சிவப்பு மையில் பெருக்கல் குறி போட்டேன். தாளைக் கொடுத்தபோது, "எங்க வீட்ல மாட்டை அப்படித்தான் ஐயா சொல்லுவோம்" என்றான். வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன்.

சில வாரங்கள் கழித்து வழு, வழாநிலை, வழுவமைதி நடத்தினேன். வழு ஏழு வகை. திணை, பால், இடம், காலம், வினா, விடை, மரபு என்று கரும்பலகையில் எழுதியாயிற்று. அடுத்தது வழுவமைதி. உவப்பு, உயர்வு, சிறப்பு, சினம், இழிப்பு ஆகியவற்றால் திணையும் பாலும் மாறி வந்தால் அது குற்றமாகாது என்பது நன்னூல் தரும் இடம். அன்பு மிகுதியால் பசுவை 'என் அம்மை வந்தாள்' என்று சொல்வது திணை வழுவமைதி என்று விளக்கிக்கொண்டிருந்தேன். கடைசி வரிசையில் ஒரு கை உயர்ந்தது. "அப்போ எனக்கு அந்த ஒரு மார்க்கு ஐயா?"

இந்த முறை நான் சிரிக்கவில்லை.

ஆசிரியர் அறைக்கு வந்து எங்கள் பள்ளி முதுகலைத் தமிழாசிரியர் அம்மாவிடம் வினாவைக் காட்டினேன். அவர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு படித்தார். "சார், 'இ' மட்டும் என்ன பிழை?" என்று கேட்டார். பால்பகா அஃறிணைப் பெயர்! 'கள்' சேராமலே ஒருமைக்கும் பன்மைக்கும் பொதுவாக நிற்கும் பெயர். 'ஆடு மேய்ந்தது', 'ஆடு மேய்ந்தன' இரண்டும் வழாநிலைதான். ஒன்றா பலவா என்பதை வினைமுற்று காட்டிவிடும். அப்படியானால் 'பசு வந்தன' என்பதும் சரி. நான் கொடுத்த நான்கில் உண்மையில் பிழையான தொடர் ஒன்றுதான். மூன்றுக்கும் மதிப்பெண் தர வேண்டிய வினாவுக்கு ஒன்றை மட்டும் விடையாக வைத்துக்கொண்டு, பிள்ளைகளைத் திருத்திக்கொண்டிருந்தேன்.

மறுநாள் அவனுக்கு ஒரு மதிப்பெண் கொடுத்தேன். 'இ' எழுதிய இருவருக்கும் கொடுத்தேன். அவர்கள் எதற்கு என்று தெரியாமலேயே வாங்கிக்கொண்டார்கள்.

அதே நேரத்தில் அவனிடம் இன்னொன்றையும் சொன்னேன். தேர்வுத்தாளில் உன் வீடும் இல்லை, உன் மாடும் இல்லை. சூழல் எதுவும் சொல்லாத தனித்தொடராக வந்தால், நேரான வழாநிலை எதுவோ அதைத்தான் எடுக்க வேண்டும். 'வந்தாள்' என்பதற்கு மகிழ்ச்சியோ அன்போ வேண்டும்; வினாத்தாளில் அதைக் காட்ட இடமில்லை. அவனுக்குப் புரிந்தது. 'உன் பேச்சே தப்பு' என்று முதலில் நான் காட்டிய முகத்தைத்தான் அவன் மறந்திருக்க மாட்டான்.

அன்று முதல் ஒரு பழக்கம். வினா எழுதும்போது ஒவ்வொரு தவறான விருப்பத்துக்கும் பக்கத்தில், அது ஏன் தவறு என்று ஒரு வரி எழுதுகிறேன். எழுத முடியாவிட்டால் அந்த விருப்பம் வினாத்தாளில் ஏறாது. மாணவர்களையும் இதையே செய்யச் சொல்கிறேன். சரியானதைக் குறித்தால் மட்டும் போதாது. மற்ற மூன்றையும் திருத்தி எழுத வேண்டும். நேரம் ஆகும். ஐந்து வினாவுக்கு ஒரு பாடவேளை போய்விடும். பாடத்திட்டத்தை முடிக்க வேண்டாமா என்று கேட்பீர்கள். வினாவங்கியில் ஐம்பது வினாக்களை ஓட்டிவிடுவதைவிட இந்த ஐந்து மேல் என்பது என் அனுபவம்.

அன்று, அல்ல பற்றிப் பலர் கேட்கிறீர்கள். 'இது என் பேனா அன்று', 'இவை என் பேனாக்கள் அல்ல'. அவன் அல்லன், அவள் அல்லள், அவர் அல்லர். இதை நடத்தினால், "அன்று என்றால் அந்த நாள்தானே ஐயா?" என்று ஒரு பிள்ளை நிச்சயம் கேட்கும். இன்னொரு பிள்ளை நாளிதழைக் கொண்டுவந்து, "இதில் எல்லாத்துக்கும் 'அல்ல' என்றுதான் போட்டிருக்கு" என்று காட்டும். நாளிதழ் தப்பு என்று நான் சொல்வதில்லை. இன்றைய உரைநடையில் 'அல்ல' எல்லா இடத்துக்கும் பரவிவிட்டது. தேர்வு கேட்பது இலக்கண நூல் விதியை. இரண்டையும் தெரிந்து வைத்துக்கொள் என்கிறேன். ஓர், ஒரு வேறுபாட்டுக்கு இவ்வளவு சிக்கல் இல்லை. உயிர் முன் ஓர், மெய் முன் ஒரு. ஐந்து நிமிட வேலை.

தொடக்கப் பள்ளி ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். இந்த வினாவுக்கான அடித்தளம் உங்கள் வகுப்பில்தான் இருக்கிறது. மூன்றாம் வகுப்புக் குழந்தை 'அஞ்சு கோழி வந்துச்சு' என்றால் தப்பு என்று சொல்லிவிடாதீர்கள். கரும்பலகையில் நடுவே ஒரு கோடு போடுங்கள். இடப்பக்கம் குழந்தை சொன்னது அப்படியே. வலப்பக்கம் 'ஐந்து கோழிகள் வந்தன'. இது பேசும்போது, அது எழுதும்போது. நாளுக்கு இரண்டு தொடர் போதும். அந்தக் குழந்தை என் வகுப்புக்கு வரும்போது 'வந்தன' அதற்குப் புதுச்சொல்லாக இருக்காது.

அந்த மாணவன் இப்போது பதினோராம் வகுப்பு. திறனறித் தேர்வுக்குப் படிக்கிறான். நான் புதிதாக எழுதும் பயிற்சி வினாத்தாளை வகுப்பில் கொடுப்பதற்கு முன் அவனிடம்தான் முதலில் காட்டுகிறேன். போன வாரம் இரண்டு வினாக்களைச் சுழித்துத் திருப்பிக் கொடுத்தான். ஒன்றில் அவன் சொன்னது சரி. மற்றொன்றைப் பற்றி இன்னும் எங்களுக்குள் வாதம் முடியவில்லை.