மின்வளங்களுக்கும் ஒரு பதிவேடு

(வட்டார அளவிலான ஆசிரியர் பயிற்சியில் ஆற்றிய உரை)



பதிவேடு என்ற சொல்லைக் கேட்டாலே நம் முகம் மாறிவிடும். வருகைப் பதிவேடு, மதிப்பெண் பதிவேடு, விலையில்லாப் பொருள்கள் வழங்கிய பதிவேடு என்று எழுதி எழுதிக் கை ஓய்ந்தவர்கள் நாம். அப்படியிருந்தும் இன்னொரு பதிவேட்டைப் பற்றிப் பேசத்தான் உங்கள் முன் நிற்கிறேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஒன்பதாம் வகுப்பில் விலங்குலகம் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். மெல்லுடலிகளுக்கு எடுத்துக்காட்டாகச் சங்கைச் சொன்னதும் ஒரு மாணவி எழுந்தாள். "டீச்சர், எங்க தாத்தா சங்கு குளிக்கப் போனவரு. அப்பல்லாம் பெரிய பெரிய சங்கா கெடைக்குமாம். இப்ப சின்னதாத்தான் வருதாம். ஏன் டீச்சர்?" என்றாள். எனக்கு விடை தெரியவில்லை. தேடிப் பார்த்துச் சொல்கிறேன் என்றேன்.

அன்றிரவு கைப்பேசியில் 'சங்கு' என்று தட்டினேன். பூசையறையில் சங்கை எந்தத் திசையில் வைக்க வேண்டும், வலம்புரிச் சங்கு என்ன விலை, இப்படியே வந்துகொண்டிருந்தது. மூன்று நாள் முயன்றும் பயனில்லை. "கிடைக்கவில்லையம்மா" என்றேன். "பரவால்ல டீச்சர், நம்ம ஊரப் பத்தி யாரு எழுதப் போறா?" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டாள்.

அந்தச் சொல் என்னை விடவில்லை. ஏனென்றால் அவள் நினைத்தது உண்மையன்று. எழுதியிருக்கிறார்கள், அதுவும் நம் வாசலிலேயே இருந்துகொண்டு எழுதியிருக்கிறார்கள். 1947இல் தொடங்கப்பட்ட மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்துக்கு 1949 முதல் 1971 வரை தலைமையிடம் மண்டபம் முகாம்தான். பிறகுதான் அது கொச்சிக்குப் போனது. மன்னார் வளைகுடாவையும் பாக் நீரிணையையும் பற்றி அந்நிறுவனத்தார் எழுதிய ஆய்வுகள் இன்று அதன் மின்களஞ்சியத்தில் இருக்கின்றன. பலவற்றைக் கட்டணமின்றி எவரும் படிக்கலாம்.

பிறகு ஏன் எனக்குக் கிடைக்கவில்லை? அங்கே அந்த உயிரினம் 'சங்கு' என்ற பெயரில் பதியப்படவில்லை. அறிவியல் பெயரான 'டர்பினெல்லா பைரம்' என்று தேடினேன், சில கட்டுரைகள் வந்தன. ஐம்பது அறுபது ஆண்டுகளுக்கு முந்தைய ஆய்வுகளில் அதே சங்குக்கு 'சான்கஸ் பைரம்' என்று பெயர். அதைக் கொண்டு தேடியபோதுதான் பழைய கட்டுரைகள் வரிசையாக வந்தன. சங்கு மணலில் வாழும் புழுக்களைத் தின்கிறது, அதன் முட்டைக்கூடு ஆட்டுக்கடாவின் கொம்பு போல முறுக்கி இருக்கும், குறிப்பிட்ட விட்டத்துக்குக் குறைந்த சங்கு அகப்பட்டால் மீண்டும் கடலிலேயே விட வேண்டும் என்று விதி இருந்தது, இவையெல்லாம் தெரியவந்தன. அந்த விதி ஏன் வந்தது என்று மாணவியைக் கேட்டேன். "முட்ட போடுறதுக்கு முந்தியே எடுத்துட்டா அப்புறம் எப்படி டீச்சர் பெருகும்?" என்றாள். தன் கேள்விக்குரிய விடையின் ஒரு பகுதியை அவளே கண்டுவிட்டாள்.

இதிலிருந்து நான் கற்றது ஒன்றுதான். ஒரு வளம் இருப்பது வேறு, அது கைக்குக் கிடைப்பது வேறு. இரண்டுக்கும் நடுவில் நிற்பது அந்த வளத்தைப் பற்றிய விவரம். இதைத்தான் மீத்தரவு என்கிறார்கள், அதாவது தரவைப் பற்றிய தரவு. நூலகத்தில் நூலின் பெயர், ஆசிரியர், பொருள், ஆண்டு எழுதிய அட்டைகளை இழுப்பறையில் வைத்திருப்பார்களே, அதன் மின்வடிவம் என்று கொள்ளலாம். சீர்காழியில் பிறந்த எஸ். ஆர். அரங்கநாதன் நம்மைப் போல ஆசிரியராக, கணிதம் கற்பித்தவராக இருந்து நூலகரானவர். 1931இல் அவர் வெளியிட்ட ஐந்து விதிகளில் ஒன்று, வாசகரின் நேரத்தைக் காக்கச் சொல்கிறது. எனக்கு மூன்று இரவுகள் போனது அந்த விதியை அறியாததால்தான்.

மின்வளங்களுக்கு 'டப்ளின் கோர்' என்றொரு பொது அமைப்பு உண்டு. அமெரிக்காவின் ஒகையோ மாநிலத்தில் உள்ள டப்ளின் நகரில் 1995இல் கூடிப் பேசியதிலிருந்து உருவானது. தலைப்பு, படைத்தவர், பொருள், நாள், மொழி, இடம், உரிமை என்று அதில் 15 கூறுகள். ஒவ்வொரு கூறிலும் எதை எழுதுவது, எப்படி எழுதுவது என்பதை வரையறுத்து வைக்கும் இடத்துக்கு மீத்தரவுப் பதிவகம் என்று பெயர். 'நாள்' என்ற பத்தியில் ஒருவர் படம் எடுத்த நாளையும் இன்னொருவர் பதிவேற்றிய நாளையும் எழுதினால் இரண்டையும் ஒன்றாகத் தேட முடியாது. எல்லாரும் ஒரே பொருளில் எழுதினால்தான் ஒரு நூலகத்தின் பதிவை இன்னொரு நூலகம் புரிந்துகொள்ளும்.

கரக்பூர் ஐ.ஐ.டி. உருவாக்கி, 2018 ஜூன் 19 அன்று நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்ட இந்திய தேசிய மின்னூலகம் இந்த முறையில்தான் நடக்கிறது. பல நிறுவனங்களின் வளங்களைப் பற்றிய விவரங்களை ஓரிடத்தில் திரட்டி, வளம் இருக்கும் இடத்துக்கு நமக்கு வழிகாட்டுகிறது. நாம் நாளும் பயன்படுத்தும் தீக்‌ஷா தளமும் அப்படித்தான். பாடத்திட்டம், பயிற்றுமொழி, வகுப்பு என்று நாம் தேர்ந்தெடுப்பவை எல்லாம் மீத்தரவே. பாடநூலிலுள்ள விரைவுக் குறியீட்டைக் கைப்பேசி படிக்காவிட்டால், அதன் கீழே அச்சிட்ட ஆறு எழுத்துக் குறியைத் தட்டினாலும் பாடம் திறக்கும்.

தேடும்போது நான் கைக்கொள்ளும் மூன்று வழிகளைச் சொல்கிறேன்.

முதலாவது, ஒரு பெயரோடு நிற்காதீர்கள். நம் மீனவர்கள் ஆவுளியா என்பதைப் பாடநூல் கடற்பசு என்கிறது, ஆய்வாளர் 'டுகாங்' என்கிறார். மூன்றையும் போட்டுப் பாருங்கள்.

இரண்டாவது, ஊர்ப் பெயரின் பழைய எழுத்தையும் நினைவில் வையுங்கள். இராமநாதபுரத்தை ஆங்கிலேயர் 'ராம்நாட்' என்று எழுதினார்கள். மன்னார் என்பதற்கு இன்று ஆங்கிலத்தில் இரண்டு 'என்', பழைய நூல்கள் பலவற்றில் ஒரு 'என்', இரண்டு 'ஏ'. தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் தேடும்போது 'இராமநாதபுரம்', 'ராமநாதபுரம்', 'முகவை', 'சேதுபதி' என்று மாற்றி மாற்றித் தேடுங்கள்.

மூன்றாவது, ஒற்றைப் பெட்டியில் ஒரு சொல்லைப் போட்டுவிட்டுக் காத்திருக்காமல் ஆசிரியர், ஆண்டு, பொருள், மொழி என்ற வடிகட்டிகளைப் பயன்படுத்துங்கள். நல்ல கட்டுரை ஒன்று அகப்பட்டால் அதன் விவரப் பக்கத்தில் உள்ள குறிச்சொற்களை எழுதிக்கொள்ளுங்கள். அடுத்த தேடலுக்கு அவையே திறவுகோல்.

கடைசியாக ஒன்று. தேடுவோராக மட்டும் நாம் இருந்தால் போதாது. என் பென் டிரைவில் 'புதுசு', 'புதுசு 2', 'கடைசி', 'உண்மையான கடைசி' என்று கோப்புகள் கிடந்தன. தனுஷ்கோடியில் 1964 டிசம்பர் புயலுக்குப் பின் எஞ்சிய இடிபாடுகளைப் பிள்ளைகளோடு போய் எடுத்த படங்கள் அவற்றில் எங்கேயோ இருக்கின்றன. எங்கே என்று எனக்கே தெரியாது. பிறர் எழுதிவைக்கவில்லை என்று குறைப்பட எனக்கு என்ன தகுதி?

அதனால் எங்கள் பள்ளியில் ஒரு பதிவேடு தொடங்கினோம். கணினியில் ஒரே ஒரு விரிதாள். தலைப்பு, உருவாக்கியவர், உருவாக்கிய நாள், இடம், வகுப்பும் பாடமும், மொழி, வட்டாரப் பெயர், அறிவியல் பெயர், பயன்படுத்த அனுமதி தந்தவர், கோப்பு இருக்கும் இடம் என்று பத்துப் பத்திகள். எந்தப் பத்தியில் எதை எழுதுவது என்ற விளக்கத்தை முதல் தாளில் எழுதிவைத்தோம். ஒரு கோப்பைப் பதிய ஐந்து நிமிடம் போதும். நாளை நான் மாறுதலில் வேறு ஊருக்குப் போனாலும் அடுத்து வருபவர் எடுத்து நடத்தலாம். அருகிலுள்ள பள்ளிகளும் இதே பத்திகளை வைத்துக்கொண்டால் எல்லாவற்றையும் ஒன்றாகச் சேர்த்துத் தேடலாம்.

அந்தப் பதிவேட்டின் முதல் வரி எதுவென்று சொல்லி முடிக்கிறேன். அந்த மாணவி தன் தாத்தாவிடம் பேசிக் கைப்பேசியில் பதிந்து வந்த 18 நிமிட ஒலிக்கோப்பு. மூச்சடக்குவது, நீரோட்டம் பார்ப்பது, சங்கு கிடக்கும் தரையை அறிவது பற்றியெல்லாம் அவர் சொல்கிறார். 'உருவாக்கியவர்' என்ற பத்தியில் யார் பெயரை எழுதுவது என்று அவளைக் கேட்டேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, "சொன்னது தாத்தா, கேட்டது நான். ரெண்டு பேரையும் போடுங்க டீச்சர்" என்றாள். அப்படியே பதிந்தோம்.