பக்கம் கோப்பவர்களின் பெயர்

 

நினைவுச் சொற்பொழிவு என்றால் மறைந்தவரின் எழுத்தைப் பற்றிப் பேசுவது வழக்கம். இன்று நாம் நினைவுகூரும் தோழர் தான் எழுதியதைவிடப் பிறர் எழுதியதை அச்சுக் கோத்ததுதான் அதிகம். ஆகவே அந்த வேலையைப் பற்றியே பேசுகிறேன்.

இரட்டைமலை சீனிவாசன் 1893இல் ‘பறையன்’ இதழைத் தொடங்கினார். அயோத்திதாசப் பண்டிதர் 1907இல் இராயப்பேட்டையிலிருந்து ‘ஒரு பைசாத் தமிழன்’ கொண்டுவந்தார். 1920இல் அம்பேத்கரின் ‘மூக்நாயக்’. இந்தப் பெயர்கள் நமக்கு மனப்பாடம். அந்த ஈய எழுத்துகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி அடுக்கிய கைகள் யாருடையவை? நம் மேடைகளிலும் அவர்களுக்குப் பெயரில்லை. இது நம்மீது நாமே வைக்க வேண்டிய குறை.

இன்று அந்தக் கைகள் வேறிடத்தில் இருக்கின்றன. ஆம்ஸ்டர்டாமிலும் லண்டனிலும் நியூயார்க்கிலும் இருக்கும் பதிப்பகங்களின் ஆய்விதழ்களும் பாடநூல்களும் பெருமளவில் சென்னையிலும் புதுச்சேரியிலும்தான் பக்கமாகின்றன. ஆசிரியர் அனுப்பும் வேர்டு கோப்பு இரவில் இங்கே வந்து சேரும். ஒருவர் மொழி திருத்துவார். ஒருவர் மேற்கோள் பட்டியலைச் சரிபார்ப்பார். இன்னொருவர் தலைப்பு, ஆசிரியர் பெயர், அட்டவணை என ஒவ்வொன்றுக்கும் எக்ஸ்எம்எல் அடையாளக் குறி போடுவார். பிறகு பக்க வடிவமைப்பு, மெய்ப்பு, ஆசிரியருக்கான கேள்விகள். கூலி பக்கக் கணக்கில். ஒப்பந்தம் புதுப்பிக்கும்போதெல்லாம் பதிப்பகம் பக்க விலையைக் குறைக்கச் சொல்லும். அந்தக் குறைப்பு கடைசியில் யார் சம்பளத்தில் விழும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

எம்.ஏ. சமூகவியல் முடித்துவிட்டு நானும் அப்படியொரு நிறுவனத்தில் மூன்று ஆண்டுகள் இருந்தேன். மொழி திருத்தும் வேலைக்குத்தான் விண்ணப்பித்தேன். எழுத்துத் தேர்வில் தேறினேன். நேர்முகத்தில் முதல் கேள்வி, “எந்த ஸ்கூல்?” ஆதிதிராவிடர் நலப் பள்ளி என்றேன். அதற்குமேல் இலக்கணம் பற்றி யாரும் கேட்கவில்லை. குறி போடும் பிரிவில், இரவு ஷிப்டில் போட்டார்கள். திருத்துவோர் அறையில் இருபது பேர், கண்ணாடிக் கதவு, ஆங்கிலப் பேச்சு. எங்கள் கூடத்தில் இருநூறு பேர். பெரும்பாலும் செங்கல்பட்டு, விழுப்புரம், திருவண்ணாமலைப் பக்கத்துப் பிள்ளைகள், வீட்டில் முதல் பட்டதாரிகள். வேலையைப் பிரிப்பது வேறு, வேலை செய்பவர்களை மேல் கீழாக அடுக்குவது வேறு என்று அம்பேத்கர் 1936லேயே ‘சாதி ஒழிப்பு’ நூலில் காட்டிவிட்டார். நான் அதை வகுப்பில் படித்தேன்; அந்தக் கூடத்தில்தான் புரிந்தது.

எல்லாக் கட்டுரையிலும் ஆசிரியர் பெயரை இரண்டாக வெட்ட வேண்டும்: ஒன்று ‘கிவன் நேம்’, மற்றது ‘சர்நேம்’. சர்நேமே இல்லாத, சாதிப் பட்டத்தைப் பெயரோடு சேர்க்காத ஊரிலிருந்து வந்த நாங்கள் உலகத்துக்கெல்லாம் சர்நேம் கண்டுபிடித்துக் கொடுத்தோம். ஒரு தமிழ் ஆசிரியரின் பெயர் வந்தால் மட்டும் கூடமே கூடி விவாதிக்கும். கடைசியில் அவருடைய அப்பா பெயரை சர்நேமாக்கி அனுப்புவோம்.

இப்படி நாங்கள் பக்கமாக்கியதை நாங்களே படிக்க முடியாது. வெளியானதும் சந்தாச் சுவருக்குள் போய்விடும். எழுதியவருக்குப் பணம் இல்லை, மதிப்பிட்டவருக்கும் இல்லை. ஆனால் எல்ஸ்வியர் நடத்தும் அறிவியல் பதிப்புத் தொழிலின் இயக்க லாபம் நூற்றுக்கு 35க்கும் மேல். 2024 நவம்பரில் ஒன்றிய அரசு ‘ஒரே நாடு ஒரே சந்தா’ திட்டத்துக்கு மூன்று ஆண்டுகளுக்கு 6,000 கோடி ரூபாய் ஒதுக்கியது. 30 பதிப்பகங்களின் ஏறத்தாழ 13,000 இதழ்கள் அரசுக் கல்வி நிறுவனங்களுக்குக் கிடைக்குமாம். மாணவர்களுக்கு நல்லதுதான், மறுக்கவில்லை. ஆனால் இங்கே பக்கக் கூலிக்குச் செய்து அனுப்பிய சரக்கையும் சேர்த்துத்தான் வரிப்பணத்தில் திரும்ப வாங்குகிறோம். பட்டம் முடித்துக் கூடத்தில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைக்கு அந்தச் சந்தாவிலும் இடமில்லை.

இப்போது குறி போடும் வேலையை மென்பொருளே செய்யத் தொடங்கிவிட்டது. கூடங்கள் சுருங்குகின்றன. முதலில் வெளியேறுவது யார் என்பது அன்று நேர்முகத்திலேயே முடிவானது. இந்தப் பிள்ளைகளின் கையில் உலகத் தரமான திறமை இருக்கிறது. நம் புத்தகங்களோ எழுத்துப் பிழையோடும் பொருளடக்கத்தில் தப்பான பக்க எண்ணோடும் வருகின்றன. நம் பதிப்பகங்கள் அவர்களை இலவச உழைப்புக்கு மட்டும் கூப்பிடாமல் கூலி கொடுத்துக் கூப்பிட வேண்டும். மாணவர்கள் சங்கம் பற்றி அவர்களிடம் பேச வேண்டும். ஐ.டி. ஊழியர் சங்கங்களிடம்கூட இந்தப் பிரிவு கண்ணில் படுவதில்லை.

இந்த உரையைப் பக்கமாக்கித் தருபவர் அப்படியொரு நிறுவனத்தில் இரவு வேலை பார்க்கும் தங்கை. உள்பக்கத்தில் பெயர் போடலாமா என்று கேட்டேன். “வேணாம்க்கா, வெளிவேலை செய்யக் கூடாதுன்னு கையெழுத்து வாங்கியிருக்காங்க” என்றார். ‘பக்க வடிவமைப்பு’ என்று போட்டு, எதிரே இடத்தைக் காலியாக விடச் சொல்லியிருக்கிறேன்.