பட்டம் கையில் இருக்கிறது, பதிவு எங்கே?

(வெளிநாட்டில் மருத்துவம் படித்துத் திரும்பிய மாணவர்களுக்கும் அவர்தம் பெற்றோருக்கும் நடந்த கல்வி வழிகாட்டிக் கூட்டத்தில் மருத்துவர் ஒருவர் ஆற்றிய உரை)



என்னை இங்கே 'டாக்டர்' என்று அறிமுகப்படுத்தினார்கள். வெளிநாட்டுப் பட்டத்தோடு ஊர் திரும்பிய பிறகும், அந்தச் சொல்லுக்குச் சட்டப்படி உரியவனாக ஆவதற்கு எனக்கு ஒன்றரை ஆண்டு பிடித்தது. தகுதித் தேர்வில் முதல் முறை 131 மதிப்பெண் வாங்கினேன். இரண்டாம் முறை 143. மூன்றாம் முறைதான் தேறினேன்.

என் தகப்பனார் பாத்திரக் கடை வைத்திருந்தார். கடைக்கு வருகிறவர்கள், "பாய், பையன் எந்த ஆஸ்பத்திரியில் இருக்கிறான்?" என்று கேட்பார்கள். "மேல்படிப்புக்குத் தயார் செய்கிறான்" என்று சொல்லிவிட்டுத் தராசைப் பார்த்துக்கொள்வார். பொய் பேசி அறியாத மனிதரை அப்படிப் பேச வைத்தவன் நான். இன்று இந்த அரங்கில் அதே நிலையில் பல தகப்பன்மார் உட்கார்ந்திருக்கிறீர்கள். அதனால்தான் என் தோல்வியிலிருந்தே பேச்சைத் தொடங்குகிறேன்.

தேர்வு எப்படிப்பட்டது?

வெளிநாட்டு மருத்துவப் பட்டதாரிகளுக்கான இந்தத் தகுதித் தேர்வு 2002ஆம் ஆண்டின் விதிகளால் வந்தது. ஆண்டுக்கு இரண்டு முறை நடக்கிறது. 300 கேள்விகள். காலையில் 150, மாலையில் 150. ஒரு கேள்விக்கு ஒரு நிமிடம். 150 எடுத்தால் தேர்ச்சி. தவறான விடைக்கு மதிப்பெண் குறைக்க மாட்டார்கள். பாதிக்குப் பாதி எடுத்தால் போதும், விடை தெரியாவிட்டாலும் ஒன்றைக் குறித்து வைக்கலாம். இவ்வளவு சலுகை இருந்தும் பெரும்பாலான முறைகளில் எழுதியவர்களில் நான்கில் ஒரு பங்குகூடத் தேறுவதில்லை. ஏன்?

நம் பிள்ளைகளுக்கு அறிவில்லையா? அப்படி யாரும் சொல்ல முடியாது. படித்த முறையில்தான் ஓட்டை இருக்கிறது. முதலாண்டில் படித்த உடற்கூறை ஆறாம் ஆண்டில் மறந்துவிடுகிறோம். ஊர் திரும்பியதும் ஆறு மாதத்தில் எல்லாப் பாடங்களையும் மனப்பாடம் செய்யப் பார்க்கிறோம். நான் செய்ததும் அதுதான்.

கணக்குப் போட்டுப் பாருங்கள்

வியாபாரி சரக்கு எடுக்கப் போகும் முன் கடையில் என்ன இருப்பு, எது அதிகம் விலை போகும் என்று பார்ப்பார். மாணவனும் அப்படிப் பார்க்க வேண்டும். பொது மருத்துவம் 33 கேள்வி, பொது அறுவை 32, மகப்பேறும் பெண்கள் மருத்துவமும் 30, சமுதாய மருத்துவம் 30. இந்த நான்கிலேயே 125 வந்துவிடுகிறது. உடற்கூறு, உடலியங்கியல், உயிர்வேதியியல் மூன்றும் தலைக்கு 17, ஆக 51. நோய்க்கூறு, நுண்ணுயிரியல், மருந்தியல் தலைக்கு 13. சட்ட மருத்துவம் 10. குழந்தை மருத்துவம், கண், காது-மூக்கு-தொண்டை தலைக்கு 15. மனநலம், தோல், எலும்பு, மயக்க மருந்து, எக்ஸ்ரே, கதிர் சிகிச்சை ஆகிய ஆறுக்கும் தலைக்கு 5.

நான் முதல் முறை என்ன செய்தேன் தெரியுமா? எனக்குப் பிடித்த இருதய நோய்களையே மாதக்கணக்கில் படித்தேன். சமுதாய மருத்துவத்தை 'பிறகு பார்க்கலாம்' என்று ஒதுக்கினேன். அங்கேதான் விழுந்தேன். பிறந்த குழந்தைக்கு நம் நாட்டு அட்டவணைப்படி அன்றே போட வேண்டியவை பி.சி.ஜி., போலியோ சொட்டு மருந்து, ஹெபடைடிஸ் பி. இதை நம் ஊர் கிராம செவிலியர் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார். ஆறு வருடம் மருத்துவம் படித்த எனக்குத் தெரியவில்லை. பனி பெய்யும் நாட்டில் படித்தவனுக்கு இந்தியாவின் சுகாதாரத் திட்டங்களை யார் சொல்லித் தருவார்கள்? நாமே தேடிப் படித்தால்தான் உண்டு.

ஒரு நோயைப் பிடித்தால் ஏழு பாடம்

மூன்றாம் முறை நான் படித்த வழியைச் சொல்கிறேன். பாடம் பாடமாகப் படிப்பதை விட்டேன். ஒரு நோயாளியை மனதில் வைத்துப் படித்தேன்.

காசநோயை எடுத்துக்கொள்ளுங்கள். சளியை எந்தச் சாயம் போட்டுப் பார்ப்பது என்பது நுண்ணுயிரியல். திசு பாலாடைக்கட்டி போல அழுகியிருப்பது நோய்க்கூறு. முதல் இரண்டு மாதம் நான்கு மருந்து, அடுத்த நான்கு மாதம் மூன்று மருந்து என்பது மருத்துவமும் தேசியத் திட்டமும். அந்த நான்கு மருந்துகளைப் பாருங்கள். எத்தாம்புட்டால் கண் நரம்பைத் தாக்கும். சிவப்பும் பச்சையும் பிரித்துத் தெரியாது. இது கண் மருத்துவக் கேள்வி. ஐசோநயசிட் கொடுத்தால் கை கால் எரியும். வைட்டமின் பி6 தர வேண்டும். இது உயிர்வேதியியல். பைரசினமைடு யூரிக் அமிலத்தை ஏற்றி மூட்டு வலி தரும். ரிஃபாம்பிசின் சிறுநீரைச் செம்மஞ்சளாக்கும். அதோடு கல்லீரலின் வேலையை முடுக்கிவிட்டுக் கருத்தடை மாத்திரையைப் பயனற்றதாக்கும். இது பெண்கள் மருத்துவம். ஒரே ஒரு நோய், ஏழு பாடம்! தனித்தனியாகப் படித்தால் ஏழு இடத்தில் மறக்கும். நோயாளியோடு சேர்த்துப் படித்தால் ஒன்றை நினைத்ததும் மற்றதெல்லாம் கூடவே வரும்.

இன்னொன்று. பூச்சிமருந்து குடித்தவர் வருகிறார். கண்மணி ஊசிமுனையாகச் சுருங்கியிருக்கிறது, வாயில் எச்சில் வழிகிறது, நெஞ்சில் சளி சத்தம். ஏன்? நரம்பு தசைக்குச் செய்தி சொல்லும் பொருள் அசிட்டைல்கோலின். அதை உடைக்கும் நொதியைப் பூச்சிமருந்து முடக்கிவிட்டது. அசிட்டைல்கோலின் தேங்கிவிட்டது. ஆகவே அட்ரோபின் கொடுத்து, நெஞ்சுச் சளி அடங்கும் வரை தொடர்கிறோம்.

அதே நொதியைத்தான் நியோஸ்டிக்மின் என்ற மருந்தும் தடுக்கிறது. நல்ல பாம்பின் விஷம் தசையில் அசிட்டைல்கோலின் உட்காரும் இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. நியோஸ்டிக்மின் கொடுத்து அசிட்டைல்கோலினைக் கூட்டினால் அது விஷத்தோடு போட்டி போடும். மூடிய இமை திறக்கும். பக்கவிளைவு வராமல் முன்னதாக அட்ரோபின் தருகிறோம். கட்டுவிரியனின் விஷமோ நரம்பின் முனையையே கெடுக்கிறது. அங்கே செய்தியே புறப்படுவதில்லை. நியோஸ்டிக்மினால் பெரிதாகப் பயன் இல்லை. விஷமுறிவு மருந்தும், மூச்சு தளர்ந்தால் செயற்கைச் சுவாசமும்தான் வழி.

தரையில் படுத்துத் தூங்கிய ஒருவர் விடியற்காலையில் வயிற்று வலி என்று வருகிறார், இமை தொங்குகிறது, உடம்பில் கடித்த தடமே தெரியவில்லை. கட்டுவிரியன் என்று நினைக்கத் தெரியாத மருத்துவர் அவருக்கு வாயு மாத்திரை கொடுத்து வீட்டுக்கு அனுப்பிவிடுவார். சகோதரர்களே, இந்தக் கேள்வி தேர்வில் ஒரு மதிப்பெண். ஆரம்ப சுகாதார நிலையத்தில் அது ஓர் உயிர். 'இந்தத் தேர்வு நம்மை வஞ்சிக்க வந்தது' என்று பேசும் தம்பிமார்கள் இதை யோசிக்க வேண்டும். நம் தாயாரை அப்படிப்பட்டவர் கையில் ஒப்படைக்கச் சம்மதிப்போமா?

தவறுகளுக்கு ஒரு பேரேடு

தினமும் நூறு கேள்வி போடுங்கள். சரியானதை விட்டுவிடுங்கள். தவறியதை மட்டும் ஒரு நோட்டில் எழுதி, ஏன் தவறியது என்று பக்கத்தில் குறித்து வையுங்கள். கடையில் பாக்கிக் கணக்கு எழுதுவதில்லையா, அதுபோல. மறுநாள் ஒரு முறை, ஒரு வாரம் கழித்து ஒரு முறை, ஒரு மாதம் கழித்து ஒரு முறை அந்தப் பக்கத்தைத் திருப்புங்கள். என் நோட்டில் முதல் மாதம் பக்கம் பக்கமாகப் பாக்கி இருந்தது. தேர்வுக்கு முந்திய வாரம் நான்கு பக்கம்தான் மிச்சம். வெளிநாட்டில் இரண்டாம், மூன்றாம் ஆண்டில் இருப்பவர்கள் இந்த நோட்டை இன்றே தொடங்குங்கள். விடுமுறைக்கு ஊர் வந்தால் ஒரு மாதமாவது அரசு மருத்துவமனையில் அனுமதி கேட்டு நோயாளிகளைப் பாருங்கள்.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை

பிள்ளையை அனுப்பும் முன் ஏஜெண்டின் வண்ணத் தாளை நம்பிக் கடையை அடகு வைக்காதீர்கள். 2021 நவம்பரில் வந்த விதிகளைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். படிப்பு குறைந்தது 54 மாதம், ஆங்கில வழியில் இருக்க வேண்டும். அங்கே 12 மாதம், இங்கே 12 மாதம் பயிற்சி. அந்த நாட்டிலேயே மருத்துவராகப் பதிவு செய்யும் தகுதி அந்தப் பட்டத்துக்கு இருக்க வேண்டும். சேர்ந்த நாளிலிருந்து பத்து ஆண்டுக்குள் எல்லாம் முடிய வேண்டும். இவற்றில் ஒன்று குறைந்தாலும் பிள்ளை எவ்வளவு படித்தும் பயனில்லை.

ஒரு முறை தவறினால் வீட்டில் ஏசாதீர்கள். 'எங்காவது ஒரு கிளினிக்கில் உட்காரட்டும், நாலு காசு வரட்டும்' என்றும் சொல்லாதீர்கள். பதிவு இல்லாமல் வைத்தியம் பார்த்தால் 2019ஆம் ஆண்டுச் சட்டப்படி ஓராண்டு வரை சிறை, ஐந்து லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும். 'டாக்டர் மாப்பிள்ளை' என்று தேர்வுக்கு முன்பே நிக்காஹ் பேசி, அந்தச் சுமையையும் அவன் தலையில் ஏற்றாதீர்கள்.

நான் தேறிய செய்தி வந்தபோது என் தகப்பனார் கல்லாவில் இருந்தார். ஒன்றும் பேசவில்லை. மாலையில் வந்த வாடிக்கையாளரிடம், அவர் கேட்காமலேயே, "பையன் அரசு ஆஸ்பத்திரியில் பயிற்சிக்குப் போகிறான்" என்றார். அவர் நிமிர்ந்து பார்த்து அதைச் சொன்னார்.

இங்கே இருக்கும் ஒவ்வொரு தகப்பனாருக்கும் அந்த நாள் வர வேண்டும். தம்பிமார்களே, இன்றிரவு வீட்டுக்குப் போனதும் ஒரு நோட்டை எடுங்கள். முதல் பக்கத்தில் காசநோய் என்று எழுதுங்கள். அங்கிருந்து தொடங்குங்கள்.