ஊர்க் கேலியும் விளையாட்டு விழாவும்



ஒரு வீட்டில் கல்யாணம் என்றால், பந்தல் கோணலாயிருக்கிறதென்று முதலில் சொல்பவர், அந்தப் பந்தலுக்கு மூங்கில் கொடுத்த அண்டை வீட்டுக்காரராகவே இருப்பார். அவர் அதைப் பகையால் சொல்வதில்லை, உரிமையால் சொல்கிறார். பாறசாலை, நெய்யாற்றின்கரை முதலிய எல்லைப்புற ஊர்களில் வாழும் தமிழர்களாகிய நாம், திருவனந்தபுரத்துக்கு அத்தகைய அண்டை வீட்டார். 1956ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள் மாநில எல்லை வகுக்கப்பட்டபோது, விளவங்கோடு, கல்குளம் முதலிய வட்டங்கள் சென்னை மாநிலத்தைச் சேர்ந்தன; நெய்யாற்றின்கரை வட்டம் கேரளத்தில் நின்றது. ஆகவே, தலைநகரில் ஒரு பெருவிழா நடந்தால், அதில் நம் வரிப்பணமும் உண்டு. நம் சிரிப்பும் உண்டு.

35ஆவது தேசிய விளையாட்டுப் போட்டி 2015 ஜனவரி 31ஆம் நாள் இந்நகரில் தொடங்கிற்று. அதற்கு முந்திய போட்டி ராஞ்சியில் நடந்தது 2011இல். இடையில் நாள் குறிப்பதும் தள்ளிவைப்பதுமாகவே காலம் கழிந்தது. வீரர்கள் ஓடத் தொடங்குமுன் தேதிகள் ஓடிப் பழகிவிட்டன எனலாம். தொடக்க விழா, காரியவட்டத்தில் புதிதாக எழுந்த அரங்கில். பாறசாலையிலிருந்து செல்வோர் நகரத்தைத் தென்முனையிலிருந்து வடமுனைவரை முற்றும் கடந்தாக வேண்டும். நெடுந்தூரப் பந்தயம் வீரருக்கு மட்டும் உரியதன்று என்பதைப் பேருந்தில் நின்றே சென்றவர் நன்கறிவர்.

அவ்விழாவில் பி. டி. உஷாவும் அஞ்சு பாபி ஜார்ஜும் சுடரேற்றினர். அதில் கேலிக்கு இடமில்லை. ஆனால், நடிகர் மோகன்லாலின் 'லாலிசம்' என்னும் இசை நிகழ்ச்சியில் வாயசைப்பே மிகுதி என்று கண்டோர் குறை கூறினர். உடனே கைபேசிதோறும் கேலிப் படங்கள் பறந்தன. மோகன்லாலோ, நிகழ்ச்சிக்கெனப் பெற்ற 1 கோடியே 63 லட்சத்துக்கு மேற்பட்ட தொகையைத் திருப்பித் தர முன்வந்தார். கேலிக்குச் சினந்து பேசாமல் கணக்கைக் கொண்டு விடை தந்த பண்பு பாராட்டத் தக்கது.

அதே போட்டியில் சாஜன் பிரகாஷ் என்னும் நீச்சல் வீரர் 6 தங்கமும் 3 வெள்ளியும் வென்றார். கேரளம் 54 தங்கப் பதக்கங்களுடன், படைத்துறை அணிக்கு அடுத்தபடியாக நின்றது. பாட்டில் வாயை அசைத்து ஒப்பேற்றலாம். நீரில் கையை அசைத்தால் மட்டும் போதாது, கரை சேர்ந்தாக வேண்டும். இவ்வேறுபாட்டை ஊரார் நன்கறிவர்.

இத்தகைய எள்ளல் இம்மண்ணுக்குப் புதிதன்று. கோயில் கூத்தம்பலத்தில் புராணம் சொல்லும் சாக்கியார், அவையில் இருப்பவர் அரசரேயாயினும் நகையாடலாம். அவர் எதிர்த்துப் பேசலாகாது என்பது மரபு. 18ஆம் நூற்றாண்டில் துள்ளல் பாடிய குஞ்சன் நம்பியார், திருவிதாங்கூர் அரசரின் ஆதரவில் வாழ்ந்துகொண்டே பெரிய மனிதரின் பகட்டை நகைத்தார். இக்கேலிக்கு நெறியொன்று உண்டு: அது கீழிருந்து மேல்நோக்கிச் செல்லும். திசை மாறினால் நகை போய், புண்ணே எஞ்சும்.

அதற்கும் காரியவட்டத்து அரங்கமே சான்று. 2017 நவம்பர் 7ஆம் நாள் இந்தியாவும் நியூஸிலாந்தும் ஆடிய கிரிக்கெட் ஆட்டம் மழையால் 8 ஓவராகச் சுருங்கியது. அதற்கும் மக்கள் பொறுமையோடு காத்திருந்தனர். 2023 ஜனவரியில் இலங்கையோடு ஆட்டம் வந்தபோது, கேளிக்கை வரி 5 விழுக்காட்டிலிருந்து 12 ஆக உயர்ந்தது. நுழைவுச் சீட்டு 1,000, 2,000 ரூபாய். இதுபற்றிக் கேட்டபோது, பட்டினி கிடப்பவர்கள் ஆட்டம் காணப் போக வேண்டியதில்லை என்ற கருத்தில் மாநில விளையாட்டுத்துறை அமைச்சர் பேசினார். ஜனவரி 15ஆம் நாள் விராட் கோலி ஆட்டமிழக்காமல் 166 ஓட்டங்கள் குவித்தார். இந்தியா 317 ஓட்டங்களில் வென்றது. ஒருநாள் ஆட்ட வரலாற்றில் அவ்வளவு பெரிய வெற்றி அதற்கு முன் இல்லை. ஆயினும் பல்லாயிரம் இருக்கைகள் வெறுமையாயிருந்தன. அன்று பொங்கல் என்பதும், தொடரின் முடிவு முன்னரே தெரிந்துவிட்டதென்பதும் காரணங்களே. ஆயினும் அமைச்சரின் சொல்லுக்கு ஊரார் தந்த விடையாகவே பலர் அவ்வெறுமையைக் கண்டனர்.

பெருவிழா நடத்துவோர் ஊர்க் கேலியை அவமதிப்பென்று எண்ணுவது பிழை. பந்தல் கோணல் என்பவர் பந்தலுக்குள் நின்றுதான் சொல்கிறார், சாப்பிட்டுவிட்டுத்தான் போவார். அவர் வாய்மூடி வீட்டிலேயே இருந்துவிடும் நாளே அஞ்சத்தக்கது.