பச்சை குத்தும் முன் உடம்பைக் கேளுங்க

(கொல்லிமலை செம்மேட்டில் இளைஞர்களுக்கான சுகாதார விழிப்புணர்வுக் கூட்டத்தில் அரசு மருத்துவர் ஒருவர் ஆற்றிய உரை)



ஆடி 17, 18 வந்தா வல்வில் ஓரி விழா. மலை முழுக்கக் கூட்டம். கூட்டம் கூடுற இடத்துல வளையல் கடை, பலூன் கடை மாதிரி டாட்டூ மேசையும் இப்ப சகஜமாயிடுச்சு. அதைப் பத்தித்தான் பேச வந்திருக்கேன். போடாதீங்கன்னு சொல்ல வரலை. பச்சை குத்துறது நமக்கு ஒண்ணும் புதுசு இல்லை. பாட்டிமார் கையில கோலமும் பேரும் பார்த்திருப்பீங்க.

ஒண்ணு மட்டும் மனசுல வைங்க. டாட்டூ என்பது ஒரு காயம். ஊசி மேல்தோலைத் தாண்டி ஒன்றிரண்டு மில்லிமீட்டர் ஆழத்தில் மையை இறக்குது. காயத்தை ஆற்ற வேண்டியது உங்க உடம்பு. அது தயாரா இருக்கான்னு பார்த்துட்டு, அப்புறம் டிசைனைப் பாருங்க. பெரிய சிக்கல் வந்தா 70 கொண்டை ஊசி வளைவு இறங்கி நாமக்கல் போகணும். அதனால முன்கூட்டியே பார்ப்பது மலையில இருக்கிற நமக்கு இன்னும் முக்கியம்.

முதல்ல, யாரெல்லாம் டாக்டரைக் கேட்காம ஊசி முன்னாடி உட்காரக் கூடாது?

சர்க்கரை கட்டுப்பாட்டில் இல்லாதவங்க. புண் ஆற நாளாகும், சீழ் பிடிக்கும். இதய வால்வில் கோளாறு உள்ளவங்க, வால்வு மாற்றியவங்க. தோல்ல நுழையும் கிருமி இரத்தம் வழியா வால்வுக்குப் போய்த் தங்கலாம், உயிருக்கே ஆபத்து. இரத்தம் உறையாத நோய் உள்ளவங்க, இரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுறவங்க. ஆனா டாட்டூவுக்காக மாத்திரையை நீங்களா நிறுத்தாதீங்க. ஸ்டீராய்டு எடுப்பவங்க, புற்றுநோய் சிகிச்சையில் இருப்பவங்க. கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார்கள் தள்ளிப் போடுறது நல்லது.

பழங்குடிப் பகுதிகளில் அரிவாள் செல் இரத்தசோகைக்குப் பரிசோதனை நடக்குது. அதற்கான தேசிய இயக்கம் 2023 ஜூலையில் தொடங்கியது, தமிழ்நாடும் அதில் இருக்கு. அந்த நோய் உள்ளவங்களுக்குக் கிருமித் தொற்றே கடுமையான வலியைக் கிளப்பிவிடலாம். கணுக்கால் பக்கம் புண் வந்தா எளிதில் ஆறாது.

தோலையும் பாருங்க. பழைய வெட்டுக்காயமோ, காது குத்தின இடமோ தடித்து வளர்ந்திருக்கா? டாட்டூவும் அப்படி வளரலாம். சொரியாசிஸ், வெண்புள்ளி உள்ளவங்களுக்கு ஊசி பட்ட இடத்திலேயே அது புதுசா கிளம்பலாம். மச்சத்தின் மேல குத்தாதீங்க; மச்சம் மாறினா பிறகு கண்டுபிடிக்க முடியாது.

அடுத்து அலர்ஜி. அதிகமா தொந்தரவு தருவது சிவப்பு மை. அரிப்பும் தடிப்பும் உடனே வரணும்னு இல்லை. மாதங்கள், வருஷங்கள் கழித்தும் வரலாம். அதனால ஒரு புள்ளி வைத்துப் பார்க்கும் சோதனை உதவும், ஆனா முழு உத்தரவாதம் தராது. ஐரோப்பிய ஒன்றியம் 2022 ஜனவரி முதல் டாட்டூ மையில் 4,000-க்கும் மேற்பட்ட வேதிப்பொருட்களுக்குக் கட்டுப்பாடு வைத்தது. மேசையில இருக்கிற புட்டியில மையின் பெயர், தயாரித்த நிறுவனம், காலாவதி தேதி இல்லைன்னா எழுந்து வந்துடுங்க.

கவரிங் தோடு, வாட்ச் பட்டை பட்டு அரிப்பு வந்தவங்க, தலைக்கு டை அடிச்சு முகம் வீங்கினவங்க, ரப்பர் கையுறை, பிளாஸ்டர், மரத்துப்போக வைக்கும் களிம்பு ஒத்துக்காதவங்க முன்கூட்டியே சொல்லிடுங்க. இன்னொன்று, ‘கருப்பு மருதாணி’. ஊசி இல்லையேன்னு குழந்தைங்க கையில வைக்கிறோம். அதில் தலைமுடிச் சாயத்தில் சேர்க்கும் ரசாயனம் கலந்திருக்கலாம். கொப்புளம் வரும், பிறகு வாழ்நாள் முழுக்க டை ஒத்துக்காமல் போகலாம். அரைச்ச மருதாணி ஆரஞ்சு, சிவப்புதான் தரும். கன்னங்கரேல்னு உடனே பிடிச்சா சந்தேகப்படுங்க.

மூன்றாவது, ஊசி. ஒரே ஊசியைப் பலருக்குப் போட்டா ஹெபடைடிஸ் பி, சி, எச்.ஐ.வி பரவ வாய்ப்பு உண்டு. உங்க கண் முன்னாடி புது ஊசியின் உறையைப் பிரிக்கணும், மையைப் புதுக் குப்பியில் ஊத்தணும். ஹெபடைடிஸ் பி-க்குத் தடுப்பூசி இருக்கு, சி-க்கும் எச்.ஐ.வி-க்கும் இல்லை. ஊசி மேல சந்தேகம் வந்தா வெட்கப்படாம அன்றைக்கே அரசு மருத்துவமனைக்கு வாங்க. எச்.ஐ.வி தடுப்பு மருந்தை 72 மணி நேரத்துக்குள்ள தொடங்கணும். நம்பிக்கை மையத்தில் பரிசோதனை இலவசம், விவரம் இரகசியமா இருக்கும்.

குத்தின பிறகு? ஆகாய கங்கையில் குளிக்கிற ஆசையை இரண்டு மூணு வாரம் ஒத்திப் போடுங்க. அருவி, ஓடைத் தண்ணி, காட்டு மண் எதுவும் பச்சைக் காயத்தில் படக் கூடாது. மிளகு, காபித் தோட்டத்துக்குப் போறவங்க சுத்தமான துணியால மூடிக்குங்க. மஞ்சள், பச்சிலை எதையும் அரைச்சுப் பூசாதீங்க. சிவப்பு பரவினா, சீழ் வந்தா, காய்ச்சல் அடிச்சா மருத்துவமனைக்கு வாங்க. உதடு வீங்கி மூச்சு திணறினா காத்திருக்காம 108-ஐக் கூப்பிடுங்க.

இதெல்லாம் யார்கிட்ட கேட்கிறதுன்னு நினைக்காதீங்க. கையில போன் இருக்கு. 104-க்கு அழைச்சா மருத்துவ ஆலோசனை கிடைக்கும். 2021 ஆகஸ்டில் தொடங்கின மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கு வரும் பணியாளர்கிட்ட சர்க்கரை, இரத்த அழுத்தம் பார்த்துக்கலாம். டாட்டூ போட்ட பிறகு இரத்த தானம் செய்ய ஓராண்டு காத்திருக்கணும் என்பதையும் நினைவில் வைங்க. வீட்டில் யாருக்காவது அவசரமா இரத்தம் தேவைப்படலாம் என்றால், தேதியை அதுக்கேத்த மாதிரி முடிவு பண்ணுங்க.

திருவிழா இரண்டே நாள், மை ஆயுளுக்கும். இந்த வருஷம் பரிசோதனை, அடுத்த வருஷம் டாட்டூ என்றாலும் ஒண்ணும் குறைஞ்சிடாது.