விருந்தினர் காசு விழும் இடம்

வெளியூர் பார்க்கச் செல்வதற்கு நம் மொழியில் காலத்துக்கு ஒரு பெயர் வழங்கி வந்திருக்கிறது. காசிக்கும் இராமேசுவரத்துக்கும் சென்றவர்கள் யாத்திரை சென்றார்கள். புகைவண்டியும் சம்பளத்தோடு கூடிய விடுமுறையும் வந்த பின்னர் அது உல்லாசப் பிரயாணம் ஆயிற்று. இன்று சுற்றுலா என்கிறோம். பெயர் மாறியபோது காரியமும் சற்று மாறிவிட்டது. யாத்திரிகன் வழியிலுள்ள ஒவ்வோர் ஊரிலும் தங்கினான். சத்திரத்துத் திண்ணையில் படுத்தான். அவ்வூர்க் கடையிலே அரிசியும் பருப்பும் விறகும் வாங்கினான். சுற்றுலா செல்பவன் பெயருக்கு ஏற்றபடி சுற்றிவிட்டுப் போய்விடுகிறான்.

அரசாங்கத் திட்டங்களிலும் அறிஞர் கட்டுரைகளிலும் இந்நாளில் ஒரு தொடர் அடிக்கடி காணப்படுகிறது. சமுதாயம் சார்ந்த, நீடித்து நிலைக்கத்தக்க சுற்றுலா என்பது அது. மொழிபெயர்க்க உட்காருபவரை அரைநாள் உட்கார்த்தி வைக்கும் தொடர்தான். ஊரார் சுற்றுலா என்று சொல்லிவிட்டால் நம் பாட்டிமாருக்கும் விளங்கும். வருகிறவர் செலவிடும் காசு ஊராரிடம் தங்கவேண்டும். அவர் வந்து போனதனால் ஊரின் தண்ணீரும் மரமும் அமைதியும் குறைந்துவிடக் கூடாது. யார் வரலாம், எத்தனை பேர் வரலாம் என்று முடிவு செய்யும்போது ஊராருக்கும் ஒரு சொல் இருக்கவேண்டும். இவ்வளவே அதன் பொருள்.

மைசூரையும் அதன் சுற்றுப்புறத்தையும் கொண்டு இதனைச் சிறிது ஆராய்வோம். தமிழ்நாட்டை விட்டு வந்து பிற மாநிலங்களில் குடியிருக்கும் நமக்கு இதில் தனிப்பட்ட அக்கறை உண்டு. கோடை விடுமுறை பிறந்தால் அத்தையும் சித்தப்பாவும் பிள்ளைகளோடு நம் வீட்டுக்கு வந்து இறங்குகிறார்கள். அவர்களை எங்கே அழைத்துச் செல்வது, எந்த வழியாக அழைத்துச் செல்வது என்று தீர்மானிப்பவர்கள் நாமேயன்றோ!

மைசூர் விருந்தினரை நம்பி வாழும் நகரம். பழைய மர அரண்மனை 1897-ஆம் ஆண்டில் தீக்கிரையான பின்னர், ஹென்றி இர்வின் என்ற கட்டடக் கலைஞர் வகுத்த திட்டப்படி இன்றைய அரண்மனை எழும்பி, 1912-இல் நிறைவெய்தியது. எழும்பூர் ரயில் நிலையத்தையும் வகுத்தவர் அவர். ஆதலால் சென்னைவாசிகளுக்கு அவர் கைவேலை புதிதன்று. ஞாயிறு மாலையில் அரண்மனை முழுவதும் விளக்கேற்றும்போது முற்றத்தில் நிற்கும் கூட்டத்தில் தமிழ்ப் பேச்சு நன்றாகவே காதில் விழும்.

ஆனால், காலையிலே பேருந்தில் வந்து இறங்கி, அரண்மனை, மிருகக்காட்சிச் சாலை, சாமுண்டி மலை, பிருந்தாவனத் தோட்டம் ஆகிய நான்கையும் ஒரே பகலில் முடித்துக்கொண்டு இரவே ஊர் திரும்பும் கூட்டத்தின் காசு எங்கே விழுகிறது? நுழைவுச் சீட்டுக்கு ஒரு பங்கு; பேருந்து முதலாளிக்கு ஒரு பங்கு; பேருந்து நிறுத்தும் பெரிய ஓட்டலுக்கு ஒரு பங்கு. தேவராஜ மார்க்கெட்டில் பூக்கட்டுபவருக்கும் வெற்றிலைக் கடைக்காரருக்கும் கிடைப்பது மிகச் சொற்பம். மைசூர் மல்லிகை, மைசூர் வெற்றிலை, நஞ்சன்கூட்டு வாழைப்பழம் ஆகிய மூன்றும் புவிசார் குறியீடு பெற்ற பண்டங்கள். அம்மூன்றையும் ஒரே கூரையின் கீழ் முகர்ந்து பார்க்கத்தக்க இடம் அந்த மார்க்கெட். அதன் ஒரு பகுதி 2016-இல் இடிந்து விழுந்தது. எஞ்சியதைப் பழுது பார்ப்பதா, அடியோடு இடித்துக் கட்டுவதா என்ற தகராறு நீதிமன்றம் வரை சென்றது. அதனை இங்கே விரித்தால் நமக்கு நேரம் போதாது.

அதே நகரத்தில் வேறொரு வகை விருந்தினரையும் காண்கிறோம். நான்காம் கிருஷ்ணராஜ உடையார் ஆட்சியில், 1933-ஆம் ஆண்டில், ஜகன்மோகன அரண்மனையில் திருமலை கிருஷ்ணமாச்சாரியார் யோகசாலை ஒன்றை நடத்தத் தொடங்கினார். பின்னாளில் சென்னைக்குக் குடிபெயர்ந்து அங்கேயே நெடுங்காலம் கற்பித்த அதே ஆசாரியர்தாம். அவருடைய மாணாக்கர் பட்டாபி ஜோயிஸ் 1948-இல் இலட்சுமிபுரத்தில் தம் பள்ளியைத் தொடங்கினார். பின்னர் அது கோகுலம் பகுதிக்கு மாறியது. உலகின் பல நாடுகளிலிருந்தும் மாணவர்கள் வந்தார்கள். ஒருநாள் பார்த்துவிட்டுச் செல்ல வந்தவர்களல்லர். ஒரு மாதம், இரண்டு மாதம் தங்கிக் கற்க வந்தவர்கள். கோகுலத்தில் வீட்டுக்காரர்கள் மாடியறையை வாடகைக்கு விட்டார்கள். வீட்டுச் சமையலே காலைச் சிற்றுண்டிக் கடையாயிற்று. இளநீர் விற்பவருக்கும் துணி வெளுப்பவருக்கும் நாள்தோறும் வேலை கிடைத்தது. எந்தத் திட்டக் குழுவும் வகுத்துத் தராத ஏற்பாடு இது. தங்கினவனுடைய காசு தெருவில் தங்கிற்று என்பதற்கு இதைவிட நல்ல சான்று வேண்டியதில்லை. ஆயினும் ஒன்று சொல்லவேண்டும்: மாடியறை உடையவனுக்கே மாடியறையின் வாடகை. சொந்த வீடில்லாத ஏழைக்கு அதனால் வரும் பயன் சுற்றிவந்துதான் சேரும்.

நகரத்தை விட்டு மேற்கே சென்றால் நாகரஹொளே காடு. தசராவில் 750 கிலோ எடையுள்ள தங்க அம்பாரியைச் சுமக்கும் யானையை நாம் வியந்து பார்க்கிறோம். அதனை நடத்தி வரும் மாவுத்தர்களையும் காவாடிகளையும் பார்ப்பவர் சிலரே. இவ்வட்டாரத்துக் காட்டு முகாம்களிலிருந்து தம் பெண்டு பிள்ளைகளோடு வந்து, அரண்மனை வளாகத்தில் கொட்டகை போட்டு, விழா முடியும்வரை தங்கியிருப்பவர்கள் அவர்கள். அவர்களில் பலர் தேன் குறும்பர் முதலிய பழங்குடியினர். காட்டைச் சரணாலயமாகவும் தேசியப் பூங்காவாகவும் ஆக்கிய காலத்தில் அம்மக்களின் குடும்பங்கள் பல காட்டை விட்டு வெளியேற்றப்பட்டன. அதன் பின்னர் அதே காட்டினுள் ஒரு பெரிய விடுதி நிறுவனத்துக்கு இடம் ஒதுக்கப்பட்டது! காட்டில் வாழ்ந்தவன் இருக்கக் கூடாது, காட்டைப் பார்க்க வருபவன் தங்கலாம் என்றால் அது என்ன நியாயம் என்று பழங்குடி மக்கள் கேட்டார்கள். அவர்களுடைய சங்கம் வழக்குத் தொடுத்தது. வனப் பாதுகாப்புச் சட்டத்துக்கு அந்த ஒதுக்கீடு முரணானது என்று கர்நாடக உயர்நீதிமன்றம் 1997-இல் தீர்ப்பளித்தது. சுற்றுலா என்றாலே வளர்ச்சி என்று எண்ணிக்கொண்டிருப்பவர்கள் இவ்வழக்கை ஒருமுறை படித்துப் பார்க்கலாம்.

இனிக் கிழக்குத் திசைக்கு வருவோம். மைசூரிலிருந்து பெங்களூருக்குச் செல்லும் பழைய சாலையில் ஒவ்வோர் ஊருக்கும் ஒரு பண்டம் உண்டு. மத்தூரில் வெங்காயம் சேர்த்துத் தட்டிப் பொரித்த வடை. பிடதியில் தட்டு இட்லி. சென்னபட்டணத்தில் வெட்பாலை மரத்தைக் கடைந்து அரக்குச் சாயம் ஏற்றிய பொம்மைகள். 2023-ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் 118 கிலோமீட்டர் நீளமுள்ள புதிய விரைவுச் சாலை திறக்கப்பட்டது. மூன்று மணி நேரப் பயணம் ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது. நல்லதுதான், நோயாளியை ஏற்றிச் செல்லும் வண்டிக்கு அது பெரிய உபகாரம். ஆனால் புதிய சாலை இவ்வூர்களையெல்லாம் ஒதுக்கிவிட்டு ஓடுகிறது. பொம்மைக் கடைக்காரர்களும் வடைக் கடைக்காரர்களும் வியாபாரம் படுத்துவிட்டது என்று முறையிட்டார்கள். ஒரு தொழிலை அழிக்க அதன்மேல் வரி போடவேண்டியதில்லை. வாடிக்கைக்காரன் வரும் வழியை ஒரு கல் தூரம் தள்ளி வைத்தால் போதும் என்பதை இங்கே கண்ணாரக் கண்டோம்.

அந்தப் பழைய சாலையில், மத்தூரைத் தாண்டி, ருத்ராட்சிபுரம் என்னும் இடத்தில் திரும்பி ஏறத்தாழ 12 கிலோமீட்டர் சென்றால் கொக்கரெ பெள்ளூர் என்ற சிற்றூர் வரும். கொக்கரெ என்பது கன்னடத்தில் கொக்கு, நாரை இனப் பறவைகளைக் குறிக்கும். நவம்பர், டிசம்பர் மாதங்களில் கூழைக்கடாக்கள் வரத் தொடங்குகின்றன. சங்குவளை நாரைகள் தொடர்கின்றன. ஏரி நடுவிலோ காட்டிலோ அவை கூடு கட்டுவதில்லை. தெருவோரத்துப் புளியமரங்களிலும் அரசமரங்களிலும், கொல்லைப்புறத்திலும், மாட்டுக் கொட்டகையின் தலைக்கு மேலுமாகக் கட்டுகின்றன. பிரசவத்துக்குத் தாய்வீடு வந்த பெண்கள் என்றே ஊரார் அவற்றைக் கருதுகிறார்கள். முன்னொரு காலத்தில் பிளேக் நோய்க்கு அஞ்சி ஊர் இடம் மாறியபோது பறவைகளும் ஊரைத் தொடர்ந்து வந்தன என்பது அங்கே வழங்கும் கதை.

1976-இல் எஸ். ஜி. நெகினஹால் என்ற வன அதிகாரி இவ்வூரை வெளியுலகுக்கு அறிமுகப்படுத்தினார். அதுமுதல் பார்வையாளர் வருகிறார்கள். இனித்தான் கதையின் முடிச்சு. புளி உலுக்கும் பருவமும் கூடு கட்டும் பருவமும் ஒன்றே. மரத்தில் குஞ்சு இருக்கும்போது உலுக்க இயலாது. உலுக்காவிட்டால் அவ்வாண்டு வருமானம் போயிற்று. பறவை பார்க்க வருபவன் காரை நிறுத்தி, படம் பிடித்து, ஒரு மணி நேரத்தில் திரும்பிவிடுகிறான். மரத்துக்குச் சொந்தக்காரனுக்கு நாற்றமும் எச்சமும் மிச்சம். அவன் ஒரு நெருக்கடியில் மரத்தை விறகுக்கு விற்றுவிட்டால் அவனை நாம் எப்படிக் குறை கூற முடியும்?

இந்த முடிச்சை அவிழ்க்க முயன்றவர்களில் மைசூர் நகரத்து இயற்கை ஆர்வலர்களைக் குறிப்பிடவேண்டும். அவர்கள் 1990-களில் அங்கே சென்று, ஊர் இளைஞர்களைச் சேர்த்து, ஹெஜ்ஜார்லெ பளக என்ற குழு அமையத் துணை நின்றார்கள். ஹெஜ்ஜார்லெ என்பது கூழைக்கடா. பளக என்றால் உற்றார் உறவினர். கூழைக்கடாவின் சுற்றத்தார் என்று தமிழில் சொல்லலாம். எவ்வளவு இனிய பெயர்! கூட்டிலிருந்து விழுந்த குஞ்சுகளை எடுத்து மீன் கொடுத்து வளர்த்துப் பறக்கவிடுவது இவர்கள் பணி. மரத்துக்கு இவ்வளவு என்று கணக்கிட்டு, புளி இழப்புக்கு ஈடாக ஒரு தொகை தரும் ஏற்பாட்டை வனத்துறை செய்தது. மரத்தடியில் குழி வெட்டி எச்சத்தைச் சேர்த்து வயலுக்கு எருவாக்கும் வழக்கமும் உண்டு. 2007-இல் இவ்வூர் சமுதாயக் காப்பகமாக அறிவிக்கப்பட்டது. சட்டப்படி இத்தகைய காப்பகத்தை நிர்வகிக்கும் குழுவில் ஊராட்சி நியமிக்கும் உறுப்பினர்கள் ஐவருக்குக் குறையக் கூடாது, வனத்துறைக்கு ஒருவர். வாக்கு எண்ணிக்கையில் ஊராருக்கே பலம். நிலமும் அவர்களுடையதாகவே நீடிக்கிறது.

இவ்வளவும் சரிதான். ஆயினும் ஈட்டுத்தொகை என்பது அரசாங்கத்தின் தயவு, வருமானம் ஆகாது. பார்க்க வருபவர் ஊரிலே ஒருவேளைச் சாப்பாடு சாப்பிட்டால், ஊர்ப் பிள்ளை ஒருவனை வழிகாட்டியாக அழைத்துக்கொண்டு அவனுக்குக் கூலி கொடுத்தால், நின்ற புளியமரம் வெட்டின புளியமரத்தைவிட மதிப்புடையது என்பது வீட்டுக் கணக்கிலேயே தெரிந்துவிடும். அந்தக் கணக்கு இன்னும் போதிய அளவு ஏறவில்லை என்பது நம் கருத்து.

நம் வேடந்தாங்கலை இங்கே நினைக்காமல் இருக்க முடியவில்லை. ஏரி மரங்களில் பறவைகளைச் சுடலாகாது என்று அவ்வூரார் முறையிட்டு, 1798-ஆம் ஆண்டிலேயே கலெக்டர் லயனல் பிளேசிடம் உரிமை பெற்றார்கள். அங்கே கணக்கு எளிது: எச்சம் ஏரி நீரில் கலந்தது; ஏரி நீர் நெல்லுக்குப் பாய்ந்தது; நெல் விளைந்தது. திருநெல்வேலிச் சீமையில் கூந்தன்குளத்து மக்கள் பறவைகள் அஞ்சுமே என்று தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை. பெள்ளூர் மக்களும் இவர்களும் ஒருவரையொருவர் பார்த்ததில்லை. ஆனால் ஒரே குணம்.

மைசூரிலோ பெங்களூரிலோ இருக்கும் நேயர்கள் வரும் தை, மாசி மாதங்களில் விருந்தினரோடு செல்லலாம். விரைவுச் சாலையை விடுத்துப் பழைய சாலையிலேயே வண்டியை விடவேண்டும். மத்தூரில் வடையும் சென்னபட்டணத்தில் குழந்தைக்கு ஒரு பொம்மையும் வாங்கலாம். பெள்ளூருக்குக் காலை எட்டு மணிக்குள் சேர்வது நல்லது. ஊர் எல்லையிலேயே வண்டியை நிறுத்திவிட்டு நடக்கவேண்டும். ஊதுகுழல் ஒலிக்கக் கூடாது. கூட்டுக்குக் கீழே நின்று கைதட்டக் கூடாது. குடை ஒன்று கொண்டு செல்வது உத்தமம். வெயிலுக்காக மட்டும் சொல்லவில்லை. மரத்துக்குச் சொந்தக்காரர் திண்ணையில் உட்கார்ந்திருந்தால், இவ்வாண்டு எத்தனை கூடு என்று தெரிந்த கன்னடத்தில் கேட்டுப் பாருங்கள். நின்று நிதானமாகச் சொல்வார்.